பெர்லினுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் எங்கே சாப்பிடுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பை எங்கள் மெஸ்ஸில் தினமும் இரண்டு பிரதி வாங்குகிறோம். ஒன்று சாப்பிட வருகிறவர்களுக்கு, இன்னொன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நைனாவுக்கு. வெளிநாட்டுப் படிப்பு பற்றி நீங்கள் நிறையவே எழுதுகிறீர்கள். எந்த நாட்டில் கட்டணம் குறைவு, வங்கிக் கடன் எப்படிக் கிடைக்கும், விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் எல்லாம் வருகிறது. சாப்பாடு பற்றி மட்டும் ஒரு வரி வருவதில்லை. என்னைத் தேடி வந்து விசாரிக்கும் பெற்றோர் முதலில் கேட்பதே அதைத்தான். காட்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா, பையன் எந்தப் பல்கலைக்கழகம் என்றுகூடச் சொல்லவில்லை, "குக்கர் மூணு லிட்டரா, அஞ்சு லிட்டரா?" என்று ஆரம்பித்தார்.

நான் 2021 அக்டோபரில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முதுநிலை சேர்ந்தேன். இப்போது ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்துச் சந்தில், மெஸ்ஸுக்கு மேல்மாடியில். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொல்கத்தா, அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் எங்கள் பக்கத்து லாட்ஜுகளில் தங்குவார்கள். லாட்ஜிலேயே ஸ்டவ் வாடகைக்கு எடுத்துச் சமைப்பவர்கள் உண்டு. அவர்கள் அறையும் ஆஸ்பத்திரியும் தவிர எதையும் பார்க்காமல் ஊர் திரும்புவார்கள். மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் அப்படியில்லை. எந்த டாக்டரிடம் என்றைக்குக் கூட்டம் குறைவு, எந்த மருந்துக்கடையில் தள்ளுபடி, எந்த ஆட்டோக்காரர் நியாயமாகக் கேட்பார் எல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான் தெரிந்துகொள்வார்கள். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த எனக்கு, வெளிநாடு போகும் பிள்ளையிடம் பொடி டப்பாக்களை அடுக்கிக் கொடுத்து "வெளியில எதுவும் சாப்பிடாத" என்று சொல்லி அனுப்புவது சரியாகப் படவில்லை. வெளியே போய்ச் சாப்பிடு என்று சொல்லுங்கள். எங்கே என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பணக் கணக்கு, அதைச் சொல்லாமல் எந்தப் பெற்றோரும் மேலே படிக்க மாட்டார்கள். ஜெர்மனி விசாவுக்கு ஒரு வருடச் செலவை, மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்கவிடும் முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. மாதத்துக்கு 992 யூரோ கைக்கு வரும். பெர்லினில் அதில் பாதியோ அதற்கு மேலோ அறை வாடகைக்குப் போய்விடும். மீதியில் காப்பீடு, தொலைபேசி, சாப்பாடு. இதைக் கேட்டதும் "அப்போ வெளியில சாப்பிட முடியாதே" என்பார்கள். முடியும். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது வேறு, நான் சொல்லப்போகும் இடங்கள் வேறு.

மென்சா என்று அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் உணவகம் இருக்கிறது. பெர்லினில் எல்லா மென்சாக்களையும் மாணவர் நலத்துக்கான ஒரு பொது நிறுவனம் நடத்துகிறது. ஒரே சாப்பாட்டுக்கு மாணவருக்கு ஒரு விலை, ஊழியருக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை. நான் போன காலத்தில் மாணவருக்கு ஒரு தட்டுச் சாப்பாடு ஒன்றரை யூரோவுக்குச் சற்று முன்பின்னாகவே ஆரம்பிக்கும். ரொக்கமாக வாங்க மாட்டார்கள். ஒரு அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு கல்லாவில் வைத்துக் காட்ட வேண்டும். எங்கள் பல்கலைக்கழக மென்சா ஹார்டன்பெர்க் தெருவில், எர்ன்ஸ்ட் ராய்ட்டர் பிளாட்ஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். தட்டெடுத்து வரிசையில் போனால் உருளைக்கிழங்கு, காய்கறி, சோறு, சாலட், ஏதாவது ஒரு முக்கிய உணவு. தனித்தனிக் கிண்ணமாக எடுக்க எடுக்க விலை ஏறும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் போக்குவரத்து விளக்குபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு குறி இருக்கும். பச்சை என்றால் தாராளமாகச் சாப்பிடு, சிவப்பென்றால் எப்போதாவது.

சைவக் குடும்பத்துப் பெற்றோர் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். "ஜெர்மனின்னா எல்லாம் மாடும் பன்னியும்தான்" என்று ஊரில் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, நான் போய் இறங்கிய அதே அக்டோபரில்தான் பெர்லின் மென்சாக்கள் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றின. 68 சதவீதம் பாலும் முட்டையும்கூட இல்லாத சைவம் (வீகன் என்பார்கள்), 28 சதவீதம் பால், முட்டை சேர்ந்த சைவம். மீனும் இறைச்சியும் சேர்த்து மிஞ்சியது 4 சதவீதம். மாணவர்களே கேட்டு நடந்த மாற்றம் அது. எங்கள் வளாகத்தில் 2019-லிருந்தே முழுக்க முழுக்க வீகன் உணவு மட்டும் போடும் தனி மென்சா ஒன்றும் இருந்தது. மெஸ்காரர் பெண்ணான நான் ஊரில் ஞாயிறு தவறாமல் கறி சாப்பிட்டவள். அங்கே போய்க் கறித் துண்டைத் தேட வேண்டியிருந்தது.

ருசி? உப்பு குறைவு, காரம் இல்லவே இல்லை. நான் பையில் ஒரு சின்ன டப்பாவில் இட்லிப்பொடி வைத்திருப்பேன். பயறு போட்டுக் கொதிக்கவைத்த ஒரு கெட்டிச் சாறு அங்கே குளிர்காலத்தில் அடிக்கடி வரும்; அதில் வினிகர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மேலே இட்லிப்பொடியைத் தூவினால் நன்றாகவே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த ஹாம்பர்க் பெண் ஒருத்தி அந்தப் பொடிக்காகவே வாரத்தில் சில நாள் என்னைத் தேடி வந்தாள். பின்னாளில் என் வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து, எந்த இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான். பொடி அனுப்புங்கள் என்று நான் சொல்வதெல்லாம் இந்த அளவுக்குத்தான், ஒரு டப்பா போதும்.

பால்சோறு என்று ஒன்று வரும். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும். அதுவே முழு மதியச் சாப்பாடு. வீடியோவில் அதைக் காட்டியபோது நைனா ஃபோனை அம்மாவிடம் திருப்பிக் காட்டி, "பாயசத்தையா மத்தியான சாப்பாடுன்னு போடறான்? இன்னாய்யா மெஸ் இது!" என்றார். ஆனால் தட்டைக் கொண்டுபோய் வைத்ததும் அது நகரும் பெல்ட்டில் ஓடிக் கழுவும் இடத்துக்குத் தானே போய்ச் சேருவதைப் பார்த்தபோது வாயடைத்துப் போனார். எத்தனை தட்டு, எத்தனை ஆள், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். இரண்டாம் தரம் சோறு போட மாட்டார்கள் என்றதில்தான் அவருக்கு மனம் ஆறவே இல்லை.

மென்சாவில் குறை இல்லாமல் இல்லை. வேலை நாள் மதியத்துக்குத்தான் அதை நம்பலாம். சனி, ஞாயிறு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டும் மூடியிருக்கும், சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும், காலையில் பேக்கரிகள் இருக்கும். போன புதிதில் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வெறும் நூடுல்ஸைக் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுவார்கள். அழாமல் இருக்க, யூ 7 சுரங்க ரயிலில் ஏறச் சொல்லுங்கள். பெர்லினில் சாப்பாட்டுக்கென்றே போட்ட மாதிரி ஒரு தடம் அது. நான் சொல்லும் இடங்களில் பாதி அந்த ரயிலில் ஏறினாலே வந்துவிடும்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நொய்க்கோல்ன் பகுதியில் இருக்கும் சூடான் நாட்டுக் கடை. பெயர் சஹாரா. ஃப்ரீட்ரிஷ்ஹைன் பக்கம் நில் என்று இன்னொன்று உண்டு, அதுவும் சூடான்காரர்களுடையது. கொண்டைக்கடலையை அரைத்து எண்ணெயில் போட்டெடுக்கும் ஃபலாஃபலை ரொட்டிக்குள் வைத்து, காய்களைச் சேர்த்து, அதன்மேல் வறுத்த வேர்க்கடலையை அரைத்த சாறை ஊற்றித் தருவார்கள். கடைக்குள் நுழையும்போதே அந்த வாசனை. எங்கள் அம்மாவின் ஊர் போளூர் பக்கம். மல்லாட்டை அறுவடை சமயத்தில் வீடு முழுக்க அடிக்கும் வாசனையை அவ்வளவு தூரத்தில் போய் ஒரு சூடான்காரர் கடையில் முகர்ந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஃபலாஃபல் வேண்டாமென்றால் பொரித்த ஹலூமி பாலாடைக்கட்டி வைத்துத் தருவார்கள், கோழியும் உண்டு. காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். "நிறைய" என்று சொன்னால் நம்பாமல் ஒரு தரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு வயிறு நிறையும் சைவச் சாப்பாடு நகரத்தில் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. எண்ணெயின் நிறத்தைப் பார்த்தே கடையை எடைபோடும் வீட்டில் வளர்ந்தவள் நான். அவர்கள் எண்ணெயைச் சரியாக மாற்றுகிறார்கள்.

அங்கிருந்து சோனென் அலே என்ற நீளத் தெரு பக்கம்தான். லெபனான், பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் கடை போட்டிருக்கிறார்கள், 2015-க்குப் பிறகு சிரியாக்காரர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அங்கே அஸ்ஸாம் என்ற கடையில் ஹம்முஸ் (மசித்த கொண்டைக்கடலை) கேட்டால் தட்டோடு ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய், புதினா எல்லாம் வந்து உட்காரும். கேட்காமலே இவ்வளவு வைக்கும் கடையை ஐரோப்பாவில் பார்ப்பது அபூர்வம். ஒருத்தர் ஆர்டர் பண்ணி இரண்டு பேர் சாப்பிடலாம், முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பெற்றோர் ஹலால் பற்றிக் கேட்கிறார்கள். இந்தத் தெருவையும் துருக்கிக் கடைகள் நிறைந்த கோட்பூசர் டோர் சுற்றுவட்டாரத்தையும் தெரிந்துவைத்துக்கொண்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இருந்தாலும் பலகையைப் பார், சந்தேகம் இருந்தால் வாய்விட்டுக் கேள் என்று சொல்லி அனுப்புங்கள். என்னோடு படித்த மேல்விஷாரத்துப் பையன் ஒருவன் ரம்ஜானுக்குப் பிரியாணி போட்டான். சீரகச் சம்பா கிடைக்காமல் பாஸ்மதியில்தான் போட வேண்டியிருந்தது. அதற்கு எண்ணெய்க் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் செய்து வைத்தான். பாஸ்மதியில் போட்டதை ஆம்பூர் பிரியாணி என்று சொல்லலாமா, கூடாதா என்று குடியாத்தத்துக்காரன் ஒருவன் ஆரம்பித்த சண்டை இரவு வரை ஓடியது. சாப்பிட வந்த துருக்கிப் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

அந்தக் கத்தரிக்காயை வாங்கியது மைபாக்கூஃபர் கால்வாய்க் கரைச் சந்தையில். செவ்வாயும் வெள்ளியும் கூடும். துருக்கிச் சந்தை என்றுதான் சொல்வார்கள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லிக் கட்டு, கத்தரியில் நான்கைந்து தினுசு. நம் நேதாஜி மார்க்கெட்டில் பழகிய பிள்ளைக்கு அங்கே யாரும் சொல்லித்தர வேண்டாம். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் போனால் தட்டுத் தட்டாகக் கூவி ஒரு யூரோவுக்குத் தள்ளிவிடுவார்கள். பெண்கள் உட்கார்ந்து மாவை மெல்லிசாகத் தேய்த்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, கல்லில் சுட்டுத் தரும் கோஸ்லெமே அங்கே கிடைக்கும். குளிரில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டியது. கோட்பூசர் டோர் பக்கத்துத் துருக்கிக் கடைகளில் மைசூர்ப் பருப்பை மசித்து, எலுமிச்சைத் துண்டோடு தரும் சூப்பையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வந்த நாட்களில் நான் அதைக் குடித்துத்தான் தேறினேன். ரொட்டிக்குத் தனிக்காசு இல்லை.

இவ்வளவு துருக்கிக் கடைகள் எங்கிருந்து வந்தன என்று நைனா கேட்டார். மேற்கு ஜெர்மனிக்கு ஆலை வேலைக்கு ஆள் போதாமல் 1961 அக்டோபரில் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தார்கள், அவர்கள் தங்கிவிட்டார்கள். டோனர் கபாபை, அதாவது கம்பியில் சுழலவிட்டு வாட்டிச் சீவிய இறைச்சியை, ரொட்டிக்குள் வைத்துக் கையில் பிடித்துச் சாப்பிடும்படி விற்க ஆரம்பித்தது 1972-இல் பெர்லின் ஸூ ரயில் நிலையம் பக்கம் கடை போட்ட காதிர் நூர்மான் என்று சொல்வார்கள். வேறு சிலரும் அந்த உரிமையைக் கோருகிறார்கள். டோனர் என்ற பெயரில் விற்கும் மாட்டு, ஆட்டு இறைச்சியில் கொத்துக்கறி 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது. நான் போனபோது நான்கைந்து யூரோவுக்குக் கிடைத்தது, கிளம்பும்போது ஆறு, ஏழு. டோனர் விலைக்கு அரசு வரம்பு வைக்க வேண்டும் என்று 2024-இல் ஒரு கட்சியே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெஹ்ரிங்டாமில் ஒரு பெயர்போன காய்கறிக் கபாப் கடை முன்னால் நீளமான வரிசை நிற்கும். அவ்வளவு நேரம் நிற்குமளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. தெருமுனைக் கடையே போதும்.

கறிவேர்ஸ்ட் பற்றி எழுதாவிட்டால் பெர்லின்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வறுத்த சாசேஜை வெட்டி, தக்காளிச் சாறு ஊற்றி, மேலே மசாலாத்தூள் தூவித் தருவது. 1949 செப்டம்பரில் ஹெர்ட்டா ஹோய்வர் என்ற பெண்மணி சார்லட்டன்பர்கில் தன் சின்னக் கடையில் இதை ஆரம்பித்தார் என்று கான்ட் தெருவில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து அது தூரமில்லை. கிழக்குப் பக்கத்தில் 1930-லிருந்து இருக்கும் கொனோப்கே கடை, தலைக்கு மேலே ரயில் ஓடும் பாலத்தின் அடியில். நின்று சாப்பிடலாம், படம் எடுக்கலாம். பெரும்பாலும் பன்றி இறைச்சி என்பதைத் தெரிந்துகொண்டு போகவும். அந்த மசாலாத்தூளில் காரம் தேட வேண்டாம்.

கிழக்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்கு 1980-களில் ஆட்களை வரவழைத்தது வியட்நாமிலிருந்து. அவர்கள் வழி வந்ததுதான் லிஷ்டன்பெர்கில் இருக்கும் டோங் ஷுவான் சந்தை. பெரிய பெரிய கொட்டகைகள், உள்ளே துணி முதல் கீரை வரை. செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், அன்று விடுமுறை. அங்கே ஒரு கிண்ணம் ஃபோ என்ற அரிசி நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டு, அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு டிராமில் திரும்புவோம். வெயில் காலத்தில் ப்ராய்சன் பூங்கா பக்கம் தாய்லாந்துப் பெண்கள் சமைத்து விற்பார்கள். பல வருடங்கள் புல்லில் பாய் விரித்து நடந்த வியாபாரம், பிறகு மாவட்ட நிர்வாகம் முறைப்படுத்தியது. பச்சைப் பப்பாளியை உரலில் இடித்து, மிளகாயும் கடலையும் போட்டுத் தருவதைச் சாப்பிட்டால் நாக்கு விழித்துக்கொள்ளும். மீன் சாறு சேர்ப்பார்கள், சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். க்ரோய்ட்ஸ்பெர்க்கில் வியாழக்கிழமை கூடும் தெருச் சாப்பாட்டுச் சந்தைக்கு எல்லோரும் போகச் சொல்வார்கள். 1891-இல் கட்டிய அழகான கூடம்தான். மாணவர் கைக்கு அடங்காத விலை, வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.

இந்திய ஓட்டல்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கலாம். தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பலவற்றில் எல்லாக் குழம்பும் ஒரே ஆரஞ்சு நிறம், எல்லாவற்றிலும் பாலாடை. தோசை போடுகிற கடைகளும் உண்டு. ஒரு தோசை விலைக்கு மென்சாவில் பல நாள் சாப்பிட்டுவிடலாம் என்ற கணக்கு என் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ஓட்டலில் நான் வார இறுதிகளில் பாத்திரம் கழுவினேன். 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ ஆனதும், அந்த முதலாளி மீந்த சோற்றுக்கெல்லாம் கணக்கெழுதிச் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார். பெயர் வேண்டாம். மெஸ்ஸில் வேலை பார்க்கிறவர்கள் சாப்பிட்ட அப்புறம்தான் கல்லாவைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் வீட்டிலிருந்து போனவள் நான். மாதக் கடைசியில் நின்றுவிட்டேன்.

நம் சோறு வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. அதே யூ 7 ரயிலில் தெற்கே போனால் ப்ளாஷ்கோ அலே நிலையம். அங்கே ப்ரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில். போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டியது, 2013-இல் கும்பாபிஷேகம் நடந்தது. வள்ளிமலையும் இரத்தினகிரியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே நிற்கும்போது கால் தானாகச் செருப்பைக் கழற்றும். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். நான் போன முதல் குளிர்காலத்தில், என் மெல்லிய ஸ்வெட்டரைப் பார்த்த ஒரு அம்மா, "இதென்ன பிள்ளை, இந்தக் குளிருக்கு இதைப் போட்டுக்கொண்டு வாறீங்கள்? முதல்ல வடிவா சாப்பிடுங்கோ" என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டார். அடுத்த வாரம் தன் மகளுடைய பழைய குளிர்க் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பகுதி நேர வேலை, டாக்டர், தையல்காரர், ஊருக்குப் பணம் அனுப்பும் வழி என்று எனக்கு அந்தப் பந்தியில் தெரியவந்தவை நிறைய. அங்கே போனால் சாப்பிட்டுவிட்டு ஓடிவராமல் பாத்திரம் கழுவவும் இலை எடுக்கவும் கூட நிற்கச் சொல்லுங்கள். பார்க்கிறார்கள், நினைவு வைத்துக்கொள்கிறார்கள்.

இனி பெட்டி விஷயம். படிக்க அனுப்பும் ஏஜென்சிகள் சிலர் பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். குக்கர், தவா, ஒரு வருடத்துக்கு மிளகாய்த்தூள், அரிசி, நெய், இனிப்பு. அந்தப் பட்டியலை எழுதியவர் ஐரோப்பாவின் சுங்க விதியைப் படித்திருக்க மாட்டார். வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அங்கே தடை. நெய் போகாது, கோவாவில் செய்த ஆற்காட்டு மக்கன் பேடா போகாது. என் கூட வந்த பெண்ணின் பெட்டியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்துக் குப்பையில் போட்டார்கள். வாலாஜாவிலிருந்து அவள் பாட்டி கொடுத்தனுப்பியது. குக்கர் வேண்டுமென்றால் எடுத்துப் போகட்டும், ஆனால் விடுதி அறைகளில் புகைக் கருவி இருக்கிறது. கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் மாடி முழுக்க அலறும். பொடி வகைகள், வற்றல் ஆகியவற்றை அளவாக எடுத்துப் போகலாம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் பெர்லினிலேயே கிடைக்கிறது. அந்த எடைக்கு ஒரு நல்ல குளிர்ச் செருப்பை வைத்து அனுப்புங்கள், நம் மாவட்டத்தில் செருப்புக்குப் பஞ்சமா?

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. உட்கார்ந்ததும் டம்ளரில் தண்ணீர் வைக்கும் பழக்கம் அங்கே கிடையாது. கேட்டால் பாட்டில் வரும், அதற்குச் சாப்பாட்டில் பாதி விலை வைக்கும் கடைகளும் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, பையில் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். காலி பிளாஸ்டிக் பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். நம் பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கு மேல். சீனாவை முந்தி முதலிடத்துக்கு நாம் வந்து ஆயிற்று. இதில் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ட்ரெஸ்டன், ஆஹன், மியூனிக், ஸ்டுட்கார்ட் என்று படித்துத் திரும்பியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவரவர் ஊரில் எந்த மென்சா, எந்தக் கோயில் பந்தி, எந்தத் துருக்கிக் கடை, எந்தச் சந்தை என்று எழுதச் சொல்லி, கல்வி இணைப்பில் வாரம் ஒரு ஊர் என்று போட முடியுமா? போலந்து, இத்தாலி, பிரான்ஸ் போனவர்களும் எழுதலாம். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டிலேயே ஆரம்பித்தால் பெட்டி கட்டுவதற்கு முன் பெற்றோர் கையில் சேரும்.

கடிதம் நீளமாகிவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் கறிவேர்ஸ்ட் பத்தியை வெட்டிவிடுங்கள். சூடான் கடையை மட்டும் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரரின் மகள்,
வேலூர்.